மழை பெய்யாத நாளும் அளக்காத நாளும்

இந்திய வானிலைத் துறையின் மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை எட்டரை மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை எட்டரை மணிக்கு முடிவது. கடலூரிலும் சிதம்பரத்திலும் மழைமானியில் தேங்கிய நீரை அந்த வேளையில் அளந்து மில்லிமீட்டரில் எழுதி வைப்பது நெடுநாளைய வழக்கம். இவ்விதம் எழுதப்படும் பேரேடு ஒன்றை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே போனால் நான்கு விதமான பதிவுகள் கண்ணில் படக்கூடும்: ஓர் எண், ஒரு பூஜ்யம், அளவைக்கு எட்டாத சொற்பத் தூறலைக் குறிக்கும் ஒரு சொல், ஒன்றுமே எழுதப்படாத ஒரு வெற்றுக் கட்டம். இவற்றுள் பூஜ்யத்துக்கும் வெற்றுக் கட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேரேடு எழுதிப் பழகிய எந்தக் குமாஸ்தாவும் அறிவார். முன்னது, பார்த்தோம், மழை இல்லை என்கிறது. பின்னது, பார்க்கவே இல்லை என்கிறது. ஆனால் அந்தப் பேரேட்டைக் கணினியில் ஏற்றி, இன்று உலகத்தின் வலைப்பக்கங்களை எல்லாம் இயக்கிவரும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியிடம் ஒப்படைத்து, அந்த வெற்றுக் கட்டத்தை எண்ணாக மாற்றித் தரும்படி கேட்டால், அது ஒரு கணமும் தயங்காமல், எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல், பூஜ்யம் என்று விடை தருகிறது. அளக்காத நாள் மழை பெய்யாத நாளாகிவிடுகிறது.

இந்த அத்தியாயத்தின் விஷயம் இதுதான்: ஒரு நிரலின் கைக்கு வந்து சேரும் மதிப்பு எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி எப்படி நிர்ணயிப்பது? தமிழ்ப் பாடநூல்கள் இதனைத் தரவினம் என்று வழங்குகின்றன. சில மொழிகளில் மாறி ஒன்றை அறிவிக்கும்போதே, இதில் எண்தான் இருக்கலாம், இதில் எழுத்துகளாலான சரந்தான் இருக்கலாம் என்று விதித்துவிடுவதால், பிற்பாடு விசாரணைக்கு அதிக அவசியம் நேர்வதில்லை. ஜாவாஸ்கிரிப்டிலோ இனம் மாறிக்கு உரியதன்று, மதிப்புக்கு உரியது. காலையில் எண்ணை ஏந்திய மாறியே மாலையில் சரத்தையும், மறுநாள் ஓர் அணியையும் ஏந்தலாம். ஆகையால் உள்ளே இருப்பது யாது என்று கேட்டறியும் பொறுப்பு நிரல் எழுதுபவரையே சார்கிறது.

1995ஆம் வருஷம் மே மாதத்தில் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் ஏறக்குறைய பத்தே நாட்களில் இம்மொழியின் முதல் வடிவத்தை ஆக்கினார். அப்போது அதற்கு மோச்சா என்று பெயர். பின்னர் லைவ்ஸ்கிரிப்ட் ஆகி, அவ்வருஷம் டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் பெயரை அடைந்தது. மதிப்பின் இனத்தைக் கேட்பதற்காக அதில் 'டைப்ஆஃப்' என்று ஒரு வினாச் செயலி உண்டு. எந்த மதிப்பின் முன் வைத்தாலும் அது ஒரு சொல்லை விடையாகத் தரும்: எண், சரம், பூலியன், செயற்கூறு, பொருள், வரையறுக்கப்படாதது என்றாற்போல. 2015இல் சிம்பல் என்னும் இனமும், 2020இல் பிக்இன்ட் என்னும் பேரெண் இனமும் சேர்ந்த பிறகு, அது சொல்லக்கூடிய சொற்கள் எட்டாயின. மொழியின் இலக்கணநூல் வகுத்துள்ள இனங்களும் எட்டுத்தான். எட்டுக்கு எட்டு சரியாகப் பொருந்துவதைக் கண்டு மேலோட்டமாகப் படிப்பவர் திருப்தி அடைந்துவிடலாம். ஆனால் இந்த இரண்டு எட்டும் ஒன்றன்று. செயற்கூறு என்பது இலக்கணநூலின்படி தனி இனமே இல்லை, பொருளின் ஒரு வகை. டைப்ஆஃப் அதனைத் தனித்துப் பிரித்துச் சொல்கிறது. 'நல்' என்று வழங்கும் வெற்று மதிப்போ இலக்கணநூலில் தனி இனம். டைப்ஆஃப் அதனைப் 'பொருள்' என்று சொல்லிவிடுகிறது.

இல்லாததைப் பொருள் என்று சொல்லும் இந்தப் பிழையின் பூர்வோத்தரம் சுவையானது. ஆதியில் ஒவ்வொரு மதிப்பும் 32 பிட் அளவுள்ள ஒரு கட்டத்தில் வைக்கப்பட்டது. அதன் கடைக்கோடிப் பிட்டுகள் இனக்குறியாக அமைந்தன. கடைசிப் பிட் ஒன்றானால் முழுஎண்; கடைசி மூன்று பிட்டுகள் 010 ஆனால் தசம எண்; 100 ஆனால் சரம்; 110 ஆனால் பூலியன்; 000 ஆனால் பொருள். இனி, நல் என்பது எந்தப் பொருளையும் சுட்டாத சுட்டி. யந்திரத்தில் அது முழுவதும் பூஜ்யங்களாலேயே ஆனது. முழுவதும் பூஜ்யமான கட்டத்தின் கடைசி மூன்று பிட்டுகளும் பூஜ்யந்தானே! இனக்குறியை மட்டும் நோக்கிய டைப்ஆஃப் அங்கே 000ஐக் கண்டு, பொருள் என்று தீர்ப்புக் கூறிற்று. வரையறுக்கப்படாததா என்று முதலில் சோதித்த அந்தப் பழைய நிரல், நல்தானா என்று ஒரு வரி சோதித்திருந்தால் போதுமாயிருக்கும். அந்த ஒரு வரி விடுபட்டது.

சிதம்பரத்தை அறிந்தவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு நினைவு எழாமல் இராது. பஞ்சபூதத் தலங்களுள் காஞ்சியில் பிருதிவி, திருவானைக்காவில் அப்பு, திருவண்ணாமலையில் தேயு, காளத்தியில் வாயு என்று எண்ணி வரும் நம் முன்னோர், ஐந்தாவதாகத் தில்லையில் ஆகாசத்தை வைத்தனர். சித்சபையில் நடராஜ மூர்த்தியின் பக்கத்தே திரையை விலக்கிக் காட்டும்போது, அங்கே உருவம் யாதொன்றும் இன்றிப் பொன்னாலான வில்வமாலைகள் மட்டும் தொங்குவதைக் காண்கிறோம். வெளியை மற்ற நான்கு பூதங்களோடு ஒக்க வைத்து எண்ணியது தேர்ந்து தெளிந்து செய்த ஒரு தத்துவ நிர்ணயம். நல்லைப் பொருள் என்று எண்ணியதிலும் இத்தகைய ஞானம் ஏதோ புதைந்திருப்பதாகக் கொள்ள ஆசை எழுமாயினும், அதற்கு ஆதாரம் கிடையாது. அது அவசரத்தில் நேர்ந்த விடுபாடே. ஆனால் நல் என்னும் மதிப்பைப் பயன்படுத்துவோர் தில்லையிலிருந்து ஒன்றைக் கற்கலாம். அந்த வெளிக்கு ஓர் இடம் உண்டு, திரை உண்டு, மாலை உண்டு. இங்கே உருவம் இல்லை என்பது பார்ப்பவருக்கு ஐயமின்றித் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். மறந்துபோய் விடப்பட்ட இடத்தை அவ்வாறு யாரும் காட்டுவதில்லை. நல் என்பது இங்கே மதிப்பு இல்லை என்று வேண்டுமென்றே வைப்பது. வரையறுக்கப்படாதது என்பது எவரும் ஒன்றும் வைக்காமல் விட்டது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பும் நிரல்களை நான் கொஞ்சமேனும் ஒப்புவதில்லை.

பிழை தெரிந்த பின்னும் ஏன் திருத்தவில்லை என்று கேட்கலாம். மொழியின் ஆறாம் பதிப்பு உருவான காலத்தில், நல்லுக்கு நல் என்றே விடை தரும்படி மாற்றலாம் என்னும் யோசனை முன்வைக்கப்பட்டதுண்டு. ஆனால் அதற்குள் எண்ணற்ற வலைப்பக்கங்கள் பழைய விடையை நம்பியே எழுதப்பட்டுவிட்டன. திருத்தினால் அவை பழுதுபடும் என்பதால் யோசனை கைவிடப்பட்டது. பத்து நாள் வேலையில் விட்ட ஒரு வரி, இவ்விதமாக நிரந்தர வாசம் பெற்றது. ஒரு மதிப்பு பொருள்தானா என்று அறிய விரும்புகிறவர், டைப்ஆஃப் பொருள் என்று சொல்வதோடு நில்லாமல், அது நல் அன்று என்பதையும் சேர்த்துச் சோதித்தே தீர வேண்டும்.

எண்கள் விஷயத்திலும் நிம்மதி இல்லை. கடலூரின் தொலைபேசிக் குறியீடு 04142, சிதம்பரத்தினது 04144. இவற்றைப் பழைய முறையிலான ஜாவாஸ்கிரிப்ட் நிரலில், மேற்கோள் குறிகள் இன்றி, அப்படியே எண்ணாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? முன்னால் பூஜ்யம் வந்தால் எட்டடிமான எண் என்று கொள்ளும் பழக்கத்தை இம்மொழி சி மொழியின் வழியில் பெற்றிருக்கிறது. ஆகையால் 04142 என்பது 4×512, 1×64, 4×8, 2 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 2146 ஆகிவிடுகிறது. சிதம்பரம் 2148 ஆகிறது. இலக்கங்களுள் எட்டோ ஒன்பதோ இருந்திருந்தால் அதே மொழி அதனைச் சாதாரணப் பதின்மானமாகவே எடுத்துக்கொள்ளும் என்பது குழப்பத்தை இன்னும் பெருக்குகிறது. 2009இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கண்டிப்பு முறையில் இவ்வாறு எழுதுவது குற்றமாக்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2146ஐ டைப்ஆஃபிடம் காட்டினால் அது எண் என்றே சொல்லும். அது சொல்வது மொழியின் இலக்கணப்படி முற்றிலும் மெய். தவறு எங்கே என்றால், தொலைபேசிக் குறியீடு கூட்டவோ பெருக்கவோ உரிய தொகையன்று, அடையாளம். அதனை ஆதியிலேயே சரமாக வைத்திருக்க வேண்டும். மதிப்பின் இனத்தை யந்திரம் அறியும்; அதன் பிரயோஜனத்தை மனிதனே அறிவான்.

மழைப் பேரேட்டுக்கு மீண்டும் வருவோம். அதிலிருந்து வரும் யாவும் முதலில் சரங்களே. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரை எட்டினால் கனமழை என்பது வானிலைத் துறையின் வரையறை. ஒன்பது மில்லிமீட்டர் பெய்த ஒரு நாளின் பதிவையும் இந்த எல்லையையும் இரண்டுமே சரங்களாக இருக்கும் நிலையில் ஒப்பிட்டால், மொழி அகராதி முறைப்படி முதல் எழுத்தை நோக்கி, ஒன்பது ஆறினும் பெரிதாகையால், 9 என்னும் சரமே 64.5 என்னும் சரத்தினும் பெரிது என்று முடிவு கட்டும். லேசான மழை கனமழையாகும். இரண்டில் ஒன்றேனும் எண்ணாக இருந்தால் மற்றதும் எண்ணாக மாற்றப்பட்டு விடை சரியாக வரும். ஒரே நிரல் ஒரு நாள் சரியாகவும் மறுநாள் தவறாகவும் நடப்பதன் சூட்சுமம் பலமுறை இதுவே. இன்னும் ஒரு சங்கதி நம் கவனத்துக்கு உரியது: ௪௭ என்று தமிழ் இலக்கங்களில் எழுதிய சரத்தை இம்மொழி எண்ணாக ஏற்பதில்லை. பழைய தமிழ் ஆவணங்களைக் கணினியில் ஏற்றுவோர் அவற்றைத் தாமே மாற்றிக்கொள்ள வேண்டும்.

எண்ணாக மாற்ற முடியாததை மாற்றச் சொன்னால் வருவது 'நேன்' என்னும் மதிப்பு. எண் அல்லாதது என்பது அதன் தாத்பரியம். ஆயினும் டைப்ஆஃப் அதனை எண் என்றே சொல்கிறது. இது விடுபாடு அன்று. 1985இல் வகுக்கப்பட்ட ஐட்ரிபிள்ஈ 754 என்னும் தசம எண் நியமத்தின்படி, நேன் எண்களின் வரிசையிலேயே வைக்கப்பட்ட ஒரு சிறப்பு மதிப்பு. அது தனக்குத்தானே சமம் ஆகாது. வேறெதனோடு ஒப்பிட்டாலும் பெரிதும் ஆகாது, சிறிதும் ஆகாது. பேரேட்டில் சொற்ப மழையைக் குறிக்கும் சொல் நேன் ஆகும்; அந்த நேன் ஒரு மாதக் கூட்டுத்தொகையில் சேர்ந்தால் தொகை முழுவதும் நேன் ஆகும். இதைவிட அபாயகரமானது ஒப்பீடு. எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை விடு என்று எழுதிய நிரலின் கைக்கு நேன் வந்தால், தாண்டவில்லை என்றே விடை வரும், எச்சரிக்கை எழாது. மானிகள் பழுதாவதும் மின்சாரம் அறுந்து தகவல் நின்றுபோவதும் பெரும்பாலும் புயல் வேளையிலேயே. 2011ஆம் வருஷம் டிசம்பர் 30ஆம் தேதி அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயலுக்குப் பிறகு, இம்மாவட்டத்தின் பல பகுதிகள் பல நாட்கள் மின்சாரமின்றிக் கிடந்ததை இங்கே வாழ்வோர் மறந்திருக்க மாட்டார்கள். எந்த நாளின் பதிவு மிகவும் முக்கியமோ அந்த நாளின் பதிவே விட்டுப்போகக்கூடியது என்பதை நினைத்தால், விட்டுப்போன பதிவு மௌனமாகப் பூஜ்யமாவதும், எச்சரிக்கையை மௌனமாக அடக்குவதும் எத்தகைய குற்றங்கள் என்பது விளங்கும்.

நேன்தானா என்று அறிய மொழியில் தொடக்கத்திலிருந்தே 'இஸ்நேன்' என்னும் செயற்கூறு இருந்தது. ஆனால் அது தன்னிடம் வந்ததை முதலில் எண்ணாக மாற்றிப் பிறகே சோதிக்கும். கடலூர் என்னும் சரத்தைக் கொடுத்தால், அதனை எண்ணாக்க முயன்று தோற்று, இது நேன் என்று சாதிக்கும். 2015இல் 'நம்பர்' என்பதன் உறுப்பாக வந்த புதிய இஸ்நேன், எதையும் மாற்றாமல், வந்த மதிப்பே நேன் ஆனால் மட்டுமே ஆம் என்கிறது. விசாரிக்கும்போது சாட்சியை மாற்றாமல் விசாரிக்க வேண்டும் என்னும் நியாயத்தை மொழி இருபது வருஷங்கள் கழித்து ஏற்றுக்கொண்டது.

தரவு ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது இன்னொரு கண்ணி சேர்கிறது. பெரும்பாலும் ஜேசன் என்னும் எழுத்து வடிவில் அது அனுப்பப்படும். ஜேசனில் நேனுக்கு இடமில்லை. ஆகவே எழுதும்போது நேன் நல் ஆகிறது. மறுமுனையில் அந்த நல்லை எண்ணாக மாற்றினால் பூஜ்யம் ஆகிறது. இரண்டு படிகளும் தத்தம் விதிப்படி சரியே. இரண்டும் சேர்ந்து, தெரியாததை இல்லாததாக ஆக்கிவிட்டன. தேதிகளும் இப்பயணத்தில் சரங்களாகிவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் தேதி என்று நினைத்துக் கையாண்டால் நிரல் இடறும்.

இனிப் பொருள்களின் கூட்டத்துக்குள் நுழைவோம். அணி, தேதி, எழுத்தமைப்பைத் தேட உதவும் ஒழுங்குக்கோவை, சாதாரணப் பொருள் எல்லாவற்றுக்கும் டைப்ஆஃப் பொருள் என்ற ஒரே விடையே தரும். உள்வகையை அறிய 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' என்னும் செயலி உண்டு. அது பொருளின் மூலவடிவச் சங்கிலியில், அதாவது அதன் வம்சாவளியில், இன்ன மூதாதை இருக்கிறாரா என்று தேடும். ஒரு பக்கத்துக்குள் மற்றொரு பக்கத்தைச் சட்டமிட்டுக் காட்டும்போது இந்தத் தேடல் ஏமாந்துபோகிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் தனித்தனி மூதாதையர் இருப்பதால், ஒரு சட்டத்தில் பிறந்த அணியை மற்றச் சட்டத்தின் நிரல் அணி என்று ஒப்புவதில்லை. இதனைத் தவிர்க்க நிரலாளர்கள் ஒரு நுட்பமான வழி கண்டனர். மூலப்பொருளின் 'டுஸ்ட்ரிங்' என்னும் செயற்கூறை வேறொரு மதிப்பின்மீது அழைத்தால், அது அம்மதிப்பின் உள்வகைப் பெயரைச் சதுர அடைப்புக்குள் இட்டுச் சொல்லும். 1999இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அந்த உள்வகை வெளியார் மாற்ற முடியாததாக இருந்தபடியால், இதுவே பல வருஷங்கள் மிகத் துல்லியமான சோதனையாகப் போற்றப்பட்டது. ஐந்தாம் பதிப்பு நல், வரையறுக்கப்படாதது என்னும் இரண்டையும்கூட அது பெயர் சொல்லிக் காட்டும்படி செய்தது, அணிக்கென்று 'அரே.இஸ்அரே' என்னும் தனிச் சோதனையையும் தந்தது. ஆனால் 2015இல் எந்தப் பொருளும் தன் வகைப் பெயரைத் தானே எழுதிக்கொள்ளலாம் என்னும் சலுகை வந்தபோது, அந்தப் போற்றப்பட்ட வழி தன் பிராமாண்யத்தை இழந்தது. இன்றும் பல நூல்கள் அதனையே இறுதி முறையாகக் கற்பிப்பது வருந்தத்தக்கது. தேதிதானா என்று திட்டமாக அறிய வேண்டுமானால், தேதிக்கே உரிய நேரம் கேட்கும் செயற்கூறை அதன்மீது அழைத்துப் பார்ப்பதே உத்தமம். மெய்யான தேதியானால் விடை வரும், வேடமானால் பிழை எழும்.

செயலைக் கொண்டு இனத்தை அறியும் இந்த முறை தமிழுக்குப் புதியதன்று. உ.வே. சாமிநாதையர் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராய் இருந்ததும், 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்ததும் சிதம்பரத்தில்தான். அங்கே இலக்கணம் பயின்றவர்கள் இதனை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரம் உலகத்துச் சொற்பொருளை உயர்திணை, அஃறிணை என்று இரண்டாக வகுத்துக்கொண்டே தொடங்குகிறது. இரு திணைக்கும் பொதுவான விரவுப்பெயர்களும் உண்டு. முத்து என்பது மனிதனின் பெயருமாகலாம், வீட்டுக் காளையின் பெயருமாகலாம். பெயரை மட்டும் நோக்கித் திணையைத் துணிய இயலாது. முத்து வந்தான் என்றால் உயர்திணை, முத்து வந்தது என்றால் அஃறிணை. வினைமுடிபே தீர்ப்புச் சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் ஓரிடத்தில் இவ்வழியே செல்கிறது. பிற்பாடு விடை தருவதாக வாக்களிக்கும் 'பிராமிஸ்' என்னும் பொருளை ஏற்கும் இடங்களில், வம்சத்தை விசாரியாமல், 'தென்' என்ற பெயருள்ள செயற்கூறு உண்டா என்பதையே அது பார்க்கிறது. வேறு காரணத்துக்காக அதே பெயரில் ஒரு செயற்கூறை வைத்துக்கொண்ட அப்பாவிப் பொருளும் வாக்களித்ததாகக் கருதப்பட்டுவிடும் என்பது இம்முறையின் குறை. தமிழில் வினைமுடிபைப் பேசுபவன் அறிந்தே இடுகிறான். நிரலில் பெயரொற்றுமை தற்செயலாகவும் நேரும்.

ஆகவே எல்லா மதிப்புக்கும் பொருந்தும் ஒற்றைச் சோதனை ஒன்றைத் தேடுவது வீண் முயற்சி என்பதே என் அபிப்பிராயம். எண்ணும் சரமும் பூலியனுமானால் டைப்ஆஃப் போதும்; நல்லை நேரே ஒப்பிட்டே அறிய வேண்டும்; அணிக்கு இஸ்அரே; தேதிக்கு அதன் சொந்தச் செயற்கூறு. மழைப் பேரேடு போன்ற தரவானால், அது நிரலுக்குள் நுழையும் வாசலிலேயே, வந்தது சரமா, இடைவெளிகளை நீக்கிய பின் வெற்றாக இருக்கிறதா, சொற்ப மழையின் குறியா, எண்ணாக மாற்றினால் முடிவுள்ள எண் கிடைக்கிறதா, அது பூஜ்யத்துக்குக் குறையாததா என்று வரிசையாக விசாரித்து, அளக்காத நாளுக்கு நல் என்பதையே அறிந்து வைத்து, பிறகு உள்ளே விட வேண்டும். அதற்குப் பின் கூட்டலோ சராசரியோ செய்யும் பகுதி, நல் என்று கண்ட நாளை எண்ணிக்கையிலிருந்தே விலக்க வேண்டும், பூஜ்யத்தை விலக்கலாகாது.

கடலூரிலும் சிதம்பரத்திலும் நிரல்மொழி கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். மாணவரை முதல் கூட்டல் நிரலை எழுதச் சொல்வதற்கு முன், பூஜ்யம், வெற்றுச் சரம், நல், வரையறுக்கப்படாதது, நேன், வெற்று அணி, இன்றைய தேதி ஆகிய ஏழையும் டைப்ஆஃபிடமும், எண்ணாக்கும் 'நம்பர்' செயற்கூறிடமும் காட்டி, வரும் விடைகளைத் தம் கைப்பட நோட்டில் எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். இதற்கு மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான மேசைக்கணினி உலாவிகளில் எஃப்12 விசையை அழுத்தினால் திறக்கும் கன்சோலே போதும்.